எஸ்எம்பிஎஸ் ஃபேன் சத்தத்தைச் சரிசெய்த அனுபவம்

காலையில் கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் கரகரவென்று சத்தம் வரும். கொஞ்ச நேரம் ஓடியதும் தானாக அடங்கிவிடும். மறுநாள் காலை மறுபடியும் அதே சத்தம். அடங்கிவிடுகிறதே என்று விட்டுவிடத்தான் யாருக்கும் தோன்றும். ஆனால் ஸ்லீவ் பேரிங் (எண்ணெயிட்ட சின்னக் குழலுக்குள் அச்சு சுழலும் வகை) ஃபேனில் எண்ணெய் காய்ந்துவருவதற்கு இதுதான் அடையாளம். மிச்சமிருக்கும் எண்ணெய் காலையில் கெட்டியாக இருக்கிறது, சூடேறியதும் இளகுகிறது. கவனிக்காமல் விட்டால் ஒருநாள் ஃபேன் சிக்கி நின்றுவிடும். அந்த ஃபேன் இருப்பது எஸ்எம்பிஎஸ்ஸில், அதாவது வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டியில். நல்ல எஸ்எம்பிஎஸ் என்றால் சூடு தாங்காமல் தானே அணைந்துகொள்ளும். மட்டமானது என்றால் போகும்போது மதர்போர்டையும் சேர்த்துக் கொண்டுபோகலாம்.

முதலில் எந்த ஃபேன் என்று தெரிய வேண்டும். கேபினெட்டுக்குள் ப்ராசஸர் ஃபேன், பின்பக்க ஃபேன், கிராபிக்ஸ் கார்டு ஃபேன், எஸ்எம்பிஎஸ் ஃபேன் எல்லாம் ஒன்றாகச் சுழல்வதால் காது ஏமாற்றும். அட்டைக் குழாய் ஒன்றைக் காதில் வைத்து ஒவ்வொன்றின் அருகிலும் கேட்டேன். எஸ்எம்பிஎஸ் பக்கம்தான் சத்தம் கூடியது. உறுதிசெய்துகொள்ள அதைத் தனியாகவே ஓட்டிப் பார்த்தேன். கரன்ட் வயரைப் பிடுங்கிவிட்டு எல்லா கனெக்டர்களையும் கழற்றினேன். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கனெக்டரில் பச்சை வயர் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். அதையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்து, அதன் பிறகே கரன்ட் கொடுத்தேன். மதர்போர்டு இல்லாமலே எஸ்எம்பிஎஸ் ஓடியது, அதே கரகர. (எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் 16ஆம் பின்தான் அது. பின்களைத் தவறாக எண்ணிவிட வாய்ப்பு உண்டு என்பதால், கனெக்டரின் படத்தைப் பார்க்காமல் கிளிப்பைச் செருகவே கூடாது.)

கரன்ட்டைப் பிடுங்கிய பிறகும் ஃபேன் சற்று நேரம் சுழன்றுவிட்டுத்தான் நின்றது. உள்ளே தேங்கியிருக்கும் மின்சாரம்தான் அதைச் சுற்றுகிறது. இந்த வேலையில் நான் உண்மையாகவே பயப்படும் இடம் இது. வீட்டுக்கு வரும் 230 வோல்ட், உள்ளே மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பெரிய கண்டென்சரில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறி நிற்கும். பிளக்கைப் பிடுங்கினாலும் உடனே இறங்கிவிடும் என்று நம்ப முடியாது. அதனால் இரவு முழுக்க அப்படியே வைத்துவிட்டு, காலையில் எங்கள் தெரு டிவி மெக்கானிக் அண்ணனிடம் எடுத்துப் போனேன். அவர் மூடியைத் திறந்து, பெரிய கண்டென்சரின் இரண்டு கால்களிலும் மீட்டரை வைத்துப் பார்த்தார். சில வோல்ட்தான் காட்டியது. "இப்ப கை வைக்கலாம் தம்பி. ஆனா இதைப் பார்க்காம எந்த எஸ்எம்பிஎஸ்ஸையும் திறக்காதே" என்றார். மீட்டர் பழக்கம் இல்லாதவர்கள் அப்படி ஒருவரிடம் கொடுத்துவிடுவதே நல்லது.

ஃபேனின் நடுவில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரை நகத்தால் உரித்தால் அடியில் சின்ன ரப்பர் மூடி. அதை எடுத்தபோது அச்சைச் சுற்றி பழுப்பு நிறத்தில் பிசின் மாதிரி ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு, தையல் மெஷின் எண்ணெய் இரண்டு சொட்டு விட்டார். தேங்காய் எண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், சீக்கிரமே பிசுபிசுத்துவிடும். சத்தம் சுத்தமாக நின்றது. ஆனால் சில வாரங்களில் மெல்லத் திரும்பி வந்தது. பேரிங் தேய்ந்திருந்தால் எண்ணெய் தற்காலிகம்தான். அதிலும் எஸ்எம்பிஎஸ்ஸில் ஃபேன் படுத்த நிலையில், சூட்டுக்குள்ளேயே ஓடுகிறது. ஸ்லீவ் பேரிங்குக்கு இரண்டுமே ஆகாது.

சரி, மாற்றிவிடுவோம் என்று சென்னையில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவுக்குப் போனேன். பழைய ஃபேனைக் கையோடு கொண்டுபோனது நல்லதாகப் போயிற்று. 120 மில்லிமீட்டர் அகலம், 25 மில்லிமீட்டர் தடிமன், 12 வோல்ட்: இந்த மூன்றும் ஒத்துப்போக வேண்டும். லேபிளில் உள்ள ஆம்பியரும் ஏறத்தாழ அதே அளவில் இருக்க வேண்டும். கடைக்காரர் முதலில் ரொம்ப மெதுவாகச் சுற்றும் 'சைலன்ட்' வகையைக் காட்டினார். நான் வாங்கவில்லை. சூடு குறைவாக இருக்கும்போது எஸ்எம்பிஎஸ் ஃபேனுக்கு 12 வோல்ட்டை முழுதாகக் கொடுக்காது. அந்தக் குறைந்த வோல்ட்டில் சில ஃபேன்கள் கிளம்புவதே இல்லை. காற்றும் போதாது. பால்-பேரிங் (சின்னக் குண்டுகள்மேல் அச்சு சுழலும் வகை) ஃபேன் ஒன்றை எடுத்துக்கொண்டேன். லேசான ரீங்காரம் உண்டு, ஆனால் படுத்த நிலையிலும் நெடுநாள் உழைக்கும்.

மறுபடியும் அதே இரவுக் காத்திருப்பு, அதே மீட்டர். புது ஃபேனில் மூன்று வயர், எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரண்டு பின்தான். பழைய கனெக்டரை வெட்டி, சிவப்போடு சிவப்பு, கறுப்போடு கறுப்பு சேர்த்து சால்டர் வைத்து, மேலே காப்புக் குழாய் போட்டு மெக்கானிக் அண்ணன் மூடினார். வேகத்தைத் தெரிவிக்கும் மூன்றாவது வயருக்கு இங்கே வேலை இல்லை, அதன் நுனியையும் காப்பிட்டு விட்டோம். பழைய ஃபேனின் ஒரு பக்கத்தைப் பாதி மறைத்தபடி ஒரு கண்ணாடித்தாள் மாதிரியான பிளாஸ்டிக் துண்டு இருந்தது. குப்பை என்று எறிந்துவிடத் தோன்றும். காற்று நேராகப் பின்வழியே ஓடிவிடாமல் சூடான பாகங்களுக்குத் திருப்பிவிடுவது அதுதான். அதே இடத்தில் பொருத்திவிட்டு, காற்று உள்ளே போகும் திசைக்கு ஃபேனின் அம்புக்குறி ஒத்திருக்கிறதா என்று பார்த்து மூடினோம்.

வீட்டில் பொருத்தி ஒரு பெரிய வீடியோவை ரெண்டர் போட்டுவிட்டுப் பின்பக்கம் கை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பான காற்று சீராக வந்தது, கரகர இல்லை. இப்போது புளோயரால் தூசி ஊதும்போது இறக்கையை ஒரு குச்சியால் பிடித்துக்கொள்கிறேன்; காற்றின் வேகத்தில் தாறுமாறாகச் சுழன்றால் புது பேரிங்கும் கெடும்.