கொழுந்து லாரி வருவதற்கு முன்

தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் 11 ஆண்டுகளாக இலைக் கணக்கு எழுதிவரும் நான், அவற்றில் முதல் எட்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூடத் தேநீரைச் சூடு ஆறுவதற்குள் குடித்து முடித்ததில்லை என்று சொன்னால் வெளியூர் உறவினர்கள் சிரிப்பார்கள். கோத்தகிரியிலிருந்து குன்னூர் செல்லும் சாலையை ஒட்டிய சரிவில் இருக்கும் எங்கள் தொழிற்சாலைக்குச் சொந்தத் தோட்டம் கிடையாது. சுற்றுவட்டாரச் சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலையை வாங்கித் தூளாக்கி விற்பதுதான் தொழில். தூள் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் காலையில் வெள்ளைக் கோப்பைகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு கரண்டி உறிஞ்சி, நாக்கில் புரட்டித் துப்பிவிடுவார். விழுங்காமல் இருப்பது அவருக்கு வேலை. மேசையில் ஆறவிட்டுப் பிறகு கழுவுதொட்டியில் கொட்டுவது எனக்குப் பழக்கம்.

ஏப்ரலில் கோடை மழை இறங்கியதிலிருந்து ஜூன் வரை எங்களுக்கு ரஷ் சீசன். செடிகள் போட்டி போட்டுக்கொண்டு துளிர்க்கும் அந்த மூன்று மாதங்களில், சாதாரண நாட்களில் ஏழாயிரம் கிலோ கண்ட எங்கள் எடைமேடை பன்னிரண்டாயிரம் கிலோ வரை காணும். கொழுந்துக்கு ஒரு குணம் உண்டு. கிள்ளிய பிறகும் அது மூச்சுவிடும். மூட்டையில் நெருக்கிக் குவித்துவைத்தால் அந்த மூச்சிலேயே சூடேறிச் சிவந்து, தூளுக்குச் சாயம் தராமல் போய்விடும். ஆகவே, மாலையில் வந்து சேரும் இலையை அன்றிரவே எடைபோட்டு, நீண்ட வாட்டும் தொட்டிகளில் உதறிப் பரப்பி, அடியிலிருந்து விசிறிக் காற்றை ஓடவிட்டாக வேண்டும். பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வாடிய பிறகுதான் இலையை உருட்டி நசுக்கும் ரோலருக்குப் போகும். மழை பெய்த நாளில் இலையோடு தண்ணீரும் எடையில் ஏறுமாதலால் ஈரக் கழிவு எவ்வளவு என்ற வழக்கு ஒவ்வொரு மூட்டைக்கும் எழும். லாரியில் வந்தவரும் நனைந்திருப்பார், நானும் நனைந்திருப்பேன். அந்த நேரத்தில் இரண்டு சதவீதத்துக்கும் மூன்று சதவீதத்துக்கும் இடையே நீதி சொல்வது எளிதன்று.

இதே மாதங்களில்தான் மலைக்குக் கூட்டமும் வருகிறது. கோத்தகிரி நேரு பூங்காவில் காய்கறிக் கண்காட்சியும் குன்னூர் சிம்ஸ் பூங்காவில் பழக் கண்காட்சியும் நடக்கும் மே மாதத்தில், நாற்பது நிமிடத்தில் வர வேண்டிய லாரி இரண்டு மணி நேரம் கழித்து வரும். 2024 மே மாதத்தில் நீதிமன்ற உத்தரவின்படி வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் முறை வந்த பிறகும் என் கண்ணுக்கு நெரிசல் பெரிதாகக் குறைந்ததாகத் தெரியவில்லை. புதனும் வியாழனும் குன்னூர் ஏலத்துக்கான பட்டியல்கள், சரக்கு அனுப்பும் சீட்டுகள்; மாதம் பிறந்தால் தேயிலை வாரியம் அறிவிக்கும் குறைந்தபட்சச் சராசரி விலை என்னவென்று கேட்டு விவசாயிகளின் தொலைபேசி அழைப்புகள். இரவு பத்து மணிக்குமேல் கரடி நடமாட்டம் காரணமாக யாரையும் தனியே நடக்க விடுவதில்லை. தொழிற்சாலை ஜீப்பில் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிடுவார்கள். இறங்கும்போதும் மனத்துக்குள் கூட்டல் ஓடிக்கொண்டிருக்கும்.

2022 மே மாதத்தில் அப்படியொரு வாரத்தின் வெள்ளிக்கிழமை இரவு, 187 கிலோ என்று முள் காட்டியதை 178 என்று எழுதிவிட்டேன். மூன்று நாட்கள் கழித்து அந்த மூட்டைகளுக்கு உரிய பாட்டி, முழு வெள்ளை உடுத்திய படுகப் பெண்மணி, தம் சிறு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்து என் மேசைமேல் விரித்துவைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றார். சத்தம் போட்டிருந்தால் நானும் பதிலுக்குப் பேசித் தப்பித்திருப்பேன். ஒன்பது கிலோ பச்சை இலை என்பது ஏறத்தாழ இரண்டு கிலோ தேயிலைத் தூள். அதைவிட, முதுகு வளைந்து ஒரு முற்பகல் முழுவதும் கிள்ளியது. கணக்கைத் திருத்திக் கையெழுத்திட்டேன். எட்டு ஆண்டுகளில் முதல் தவறு என்று அலுவலகத்தில் சமாதானம் சொன்னார்கள். நோட்டுப் புத்தகத்தோடு வந்து கேட்ட முதல் ஆள் அவர் என்பதுதான் உண்மையாக இருக்கும் என்று எனக்குத் தோன்றியது.

அதே மாதத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் சுகாதாரப் பணியாளர் எங்கள் தொழிற்சாலைக்கு வந்து எல்லோருக்கும் இரத்த அழுத்தம் பார்த்தார். எனக்கு மேல் அளவு 150ஐத் தாண்டியது. எனக்கு அடுத்து நாற்காலியில் உட்கார்ந்த சலிப்பறை அக்காவுக்கு, என்னைவிடப் பத்து வயது மூத்தவருக்கு, 120. அவர் காலை எட்டு மணி முதல் நின்றபடியே வேலை செய்பவர். இலையை உலர்த்தும் ட்ரையரிலிருந்து வரும் தூளைச் சல்லடைகள் ரகம் பிரிக்க, நார் நீக்கி, மூட்டை பிடிக்கும் அறையில், இமை மயிரிலும் தேயிலைத் தூசு படியப் பத்தொன்பது ஆண்டுகள் கழித்தவர். உட்கார்ந்து எழுதுகிற எனக்கு 150, நின்று தும்முகிற அவருக்கு 120 என்பது அநியாயமாகப் பட்டது. வாய்விட்டே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துவிட்டு, “நாலு மணிக்கு அடுப்படிக்கு வா தங்கச்சி, தேத்தண்ணி ஊத்தித் தர்றேன்” என்றார்.

அடுப்படி என்று அவர் சொன்னது ட்ரையருக்கு வெப்பக் காற்று தரும் உலைக்குப் பின்புறம். கற்பூர மரத்தின் (யூகலிப்டஸ்) விறகு அங்கே ஆள் உயரத்துக்கு அடுக்கிக் கிடக்கும். சுவரில் கைவைத்தால் இதமாகச் சுடும். வெளியே மூடுபனி முற்றத்தை விழுங்கிக்கொண்டிருக்கையில் விறகின் தைல வாசமும் வறுபடும் தூளின் வாசமும் கலந்து நிற்கும் அந்த மூலையை, எட்டு ஆண்டுகளாக விறகு எடைபோட மட்டுமே நான் பார்த்திருந்தேன். அக்கா பால் ஊற்றவில்லை. கெட்டியான கறுப்புச் சாயத்தை இரண்டு கண்ணாடித் தம்ளர்களில் ஊற்றி, என் இடது உள்ளங்கையை விரிக்கச் சொல்லி, அதில் ஒரு கரண்டிச் சீனியைக் கொட்டினார். சீனியை நாக்கால் தொட்டுக்கொண்டு சாயத்தைக் குடிக்க வேண்டும். ஒரு கையில் தம்ளர், மறுகையில் சீனி இருந்தால் பேனாவைத் தொட முடியாது, கைப்பேசியையும் எடுக்க முடியாது.

அது அவருடைய தாயார் இலங்கையின் மலையகத்திலிருந்து கொண்டுவந்த வழக்கம். 1964 அக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், அங்கிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்றுக்கொள்வது என்று ஏட்டில் எழுதப்பட்டது. அந்த எண்ணிக்கையில் ஒருவராக, ஆறு வயதில், 1974இல் தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் சில வாரங்கள் இருந்து, பிறகு நீலகிரிக்கு வந்தவர் அக்கா. விட்டுவந்ததும் தேயிலை, வந்துசேர்ந்ததும் தேயிலை. இங்கே எல்லோரும் டீ என்கையில் அவர் மட்டும் தேத்தண்ணி என்றே சொல்கிறார். அதைத் திருத்திக்கொள்ள அவர் முயன்றதாகவும் தெரியவில்லை.

முதல் சில வாரங்கள் அந்த இருபது நிமிடங்கள் எனக்கு வேதனையாகவே கழிந்தன. உடல் விறகின்மேல் உட்கார்ந்திருக்க, மனம் எந்த லாரி எந்த வளைவில் வருகிறது என்று எண்ணிக்கொண்டிருக்கும். இருபது நிமிடத்தில் எத்தனை சீட்டு எழுதியிருக்கலாம் என்றுகூடக் கணக்கிட்டேன். அக்கா அதைக் கண்டுபிடித்துவிட்டார். “குடிக்கிறப்பவும் எண்ணிக்கிட்டே இருக்கியே” என்றார். எண்ணுவதற்குத்தான் சம்பளம் என்று நான் சொன்னதற்கு, நாலு மணிக்கு மேடையில் இலையே இல்லையே, எதை எண்ணுகிறாய் என்று கேட்டார். பதில் இல்லை. வராத மூட்டைக்கும் எடை எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கே புலப்பட்டது.

நாங்கள் பெரிதாக ஒன்றும் பேசிவிடுவதில்லை. யார் வீட்டில் எந்தக் குழம்பு, எந்தப் பேருந்து இன்று வரவில்லை, வர்க்கியை நனைத்துத் தின்பதா நனைக்காமல் தின்பதா. (நனைக்கக் கூடாது என்பது என் கட்சி, மொறுமொறுப்புக்காகத்தானே அத்தனை மடிப்பு மடித்துச் சுடுகிறார்கள்.) எதிர்ச்சரிவில் காட்டெருமைகள் தேயிலை வரிசைகளுக்கிடையே புல் மேய்வதைப் பார்த்துக்கொண்டு ஒரு சொல்லும் பேசாமல் எழுந்துபோன நாட்களும் உண்டு. முன்பெல்லாம் நலம் என்பதை ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்திவைத்திருந்தேன். ஞாயிறு வந்தால் ஆறு நாள் துணியைத் துவைத்து, ஆறு நாள் தூக்கத்தைப் பகலில் தூங்கி, மாலையில் தலைவலியோடு எழுந்திருப்பேன். ஆறு நாள் பட்டினி கிடந்துவிட்டு ஏழாம் நாள் விருந்துண்பவரின் வயிறு போலத்தான் அது இருந்தது. அன்றாடம் உண்ணும் ஒரு பிடியைப் போன்றது இந்த நாலு மணி. மருந்து மாத்திரையும் எடுத்துக்கொள்கிறேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை. தேத்தண்ணி இரத்த அழுத்தத்தைக் குறைத்தது என்று சொல்ல நான் மருத்துவர் அல்லேன். ஆனால், ஐந்து மணிக்கு முதல் லாரி பின்பக்கமாக மேடையில் ஒட்டி நிற்கும்போது, முள் காட்டுவதை முள் காட்டுகிறபடியே என்னால் எழுத முடிகிறது. இரவில் எழுதியதை மறுநாள் ஒருமுறை சரிபார்க்கும் பொறுமையும் வந்திருக்கிறது.

சென்ற ஆண்டு அக்காவுக்கு ஒரு சிக்கல் வந்தது. முகாமில் எழுதிக்கொடுத்த பழைய குடும்ப அட்டையில் அவர் பெயர் ஒரு விதமாகவும், ஆதாரில் வேறு விதமாகவும், வருங்கால வைப்பு நிதிக் கணக்கில் மூன்றாவது விதமாகவும் இருந்தது. ஆறு வயதுக் குழந்தையின் பெயரை அவசரத்தில் எவரோ காதில் விழுந்தபடி எழுதியதன் விளைவை, ஓய்வுபெறும் வயதில் அவர் சுமந்தார். எட்டை ஏழுக்கு முன்னால் எழுத மறந்த எனக்கு அந்த எழுத்தர்மேல் கோபப்பட முழு உரிமை இல்லை. படிவங்களை நிரப்புவதும், தொழிற்சாலையின் கையெழுத்து வாங்குவதும், திருப்பி அனுப்பியதை மறுபடி நிரப்புவதுமாக ஐந்து மாதங்கள் ஆயின. அவற்றை எங்கள் நாலு மணியில் பார்த்து முடித்துவிடலாம் என்று நான் சொன்னபோது அக்கா ஒப்புக்கொள்ளவில்லை. காகிதங்களைச் சாப்பாட்டுப் பையிலிருந்து வெளியே எடுப்பார். ஆனால், உள்ளங்கைச் சீனி தீர்ந்து, கையைப் பாவாடையில் துடைத்த பிறகே எடுப்பார். தாம் பணிமுடிந்து வீட்டுக்குப் போகும் நேரம் தள்ளிப்போவதை அவர் பொருட்படுத்தவில்லை, தேத்தண்ணியின் நேரம் குறைவதைத்தான் பொருட்படுத்தினார். பெயர் கடைசியில் ஒன்றாகிவிட்டது. அன்றைக்கு அவர் வீட்டிலிருந்து ரொட்டி சுட்டுக் கொண்டுவந்தார். தேங்காய்ப்பூ போட்டுப் பிசைந்த, கொஞ்சம் கனத்த ரொட்டி. தொட்டுக்கொள்ளக் காரச் சம்பல்.

இந்த மே மாதத்திலும் அதே நெருக்கடிதான். போன சனிக்கிழமை ஐந்து மணி தாண்டியும் லாரி வரவில்லை. ஓட்டுநரை அழைத்தால், சாலை நடுவே காட்டெருமைக் கூட்டம் நிற்பதாகவும், இருபக்கமும் சுற்றுலா வண்டிகள் நின்று படம் பிடிப்பதாகவும், யார் ஒலியெழுப்பினாலும் அந்த மாடுகள் நகர்வதாக இல்லையென்றும் சொன்னார். பன்னிரண்டாயிரம் கிலோவும் வளைவில் சூடேறிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மூன்றாண்டுகளுக்கு முன்பு நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியும். தார்ப்பாயை விலக்கி மூட்டைகளுக்குக் காற்றுப்படச் செய்யுமாறு ஓட்டுநரிடம் சொன்னேன். வாட்டும் தொட்டிகளில் இரண்டை முன்கூட்டியே தயாராக வைக்க ஆட்களுக்குச் சொன்னேன். அதற்குமேல் என் கையில் ஒன்றும் இல்லை. கையில் இருந்த இன்னொன்றை நீட்டினேன். அக்கா சீனி போட்டார்.

அடுத்த ஆண்டு அவருக்கு 58 நிறைகிறது. சலிப்பறைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண்ணை இப்போதே அவர் அடுப்படிக்கு அழைத்துவரத் தொடங்கியிருக்கிறார். அந்தப் பெண் முதல் நாள் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்து, பால் ஊற்றாவிட்டால் இது கஷாயம் என்றாள். இரண்டாம் நாள் தன் பங்குக்குப் பாலை ஒரு சிறு பாட்டிலில் கொண்டுவந்துவிட்டாள். அக்கா அந்தப் பாட்டிலை வாங்கி உலைச் சுவரின் சூட்டில் சாய்த்துவைத்துவிட்டு, அவள் உள்ளங்கையையும் விரிக்கச் சொன்னார்.