பிட்ஸ்பர்க்ல பேஸ்பால் மேட்ச் பாக்கப் போயி செத்துப்போனவங்க கதையோட திரும்பி வந்தேன்

மொதல்ல அந்த பஸ்ஸ திட்டிட்டு அப்புறம் விஷயத்துக்கு வரேன். நியூயார்க்லேந்து ராத்திரி பஸ், டிக்கெட் சீப்பா கெடைச்சுதுன்னு மச்சானும் நானும் ஏறிட்டோம், ஏசி ஐஸ் பொட்டி மாதிரி, பாத்ரூம் கதவுல தாழ்ப்பாள் கெடையாது, ஒவ்வொரு வளைவுக்கும் டமார் டமார்னு அடிச்சுக்கிட்டே வந்துச்சு, ஒரு பொட்டுத் தூக்கம் இல்ல. காலைல எறங்கினா வாசல்லயே ஒரு டிரைவர், அதே ஊர்ல இருக்கிற ஓக்லண்டு ஏரியாவுக்கு 40 டாலர்னாரு. மூணு மைல்தான். தூக்கக் கலக்கத்துல குடுத்துத் தொலைச்சோம். எங்க பக்கத்துலயே டவுன் பஸ் ஒண்ணு ஜம்முனு அதே ரோட்ல போகுது, வயிறு எரிஞ்சிருச்சு.

ஓக்லண்டுக்கு எதுக்குன்னா, இந்த ஊர் பேஸ்பால் டீம் பைரேட்ஸோட பழைய மைதானம் ஃபோர்ப்ஸ் ஃபீல்டு அங்கதான் இருந்துச்சு. இடிச்சு அம்பது வருஷத்துக்கு மேல ஆச்சு, ஆனா வெளிச்சுவர்ல ஒரு துண்ட மட்டும் விட்டு வச்சிருக்காங்க. செங்கல் சுவரு, மேல கொடி படர்ந்து கெடக்கு. பக்கத்துல யுனிவர்சிட்டி கட்டடத்துக்குள்ள போனா தரைல கண்ணாடி போட்டு அதுக்கடில பழைய ஹோம் பிளேட். பேட்ஸ்மேன் நிக்கிற எடம்னு வச்சுக்கோங்க. ஒரு ஸ்டூடண்ட் பொண்ணு காபி குடிச்சுக்கிட்டே அது மேலயே நடந்து போச்சு. நான் மட்டும் குனிஞ்சு போட்டோ எடுத்துக்கிட்டு இருந்தேன், ‘தரைய எதுக்குடா போட்டோ எடுக்குற’ன்னான் மச்சான்.

அதுக்கு பதில் சாயங்காலம்தான் கெடைச்சுது. ஸ்டேடியத்துல பக்கத்து சீட்ல ஒரு தாத்தா. 1960 அக்டோபர் 13, வியாழக்கிழமை, அப்ப அவருக்கு எட்டு வயசாம். உலகத் தொடரோட, அதான் வேர்ல்டு சீரிஸ்னு சொல்ற பேஸ்பால் ஃபைனலோட, ஏழாவது மேட்ச். அந்தத் தொடர் முழுக்க எதிர் டீம் நியூயார்க் யாங்கீஸ் எடுத்த ரன் 55, பைரேட்ஸ் எடுத்தது வெறும் 27, ஆனா மேட்ச் கணக்கு 3-3. கடைசி இன்னிங்ஸ்ல 9-9னு நிக்கும்போது பில் மஸரோஸ்கி வர்றாரு, அவரு ஃபீல்டிங்குக்குப் பேர் போன ஆளு, அடிக்கிறதுக்கு இல்ல, இடது பக்கச் சுவரத் தாண்டி ஒரே அடி. முடிஞ்சது தொடர். மணி 3:36. இப்பவும் வருஷா வருஷம் அதே தேதில ஜனங்க அந்தச் சுவர்கிட்ட கூடி பழைய ரேடியோ வர்ணனைய முழுசா போட்டுக் கேக்குறாங்களாம், அந்த அடி சரியா 3:36க்கு வர்ற மாதிரி. முடிவு தெரிஞ்ச மேட்ச உக்காந்து கேக்குறாங்க பாருங்க! மியாண்டாட் கடைசி பால்ல அடிச்ச சிக்ஸர நாம சேனல் மாத்தாம பாப்போமா?

நாங்க பாத்த மேட்ச் பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, பைரேட்ஸ் தோத்தாங்க. இவங்க கடைசியா கப்பு ஜெயிச்சது 1979, நடுவுல 1993லேந்து 2012 வரைக்கும் இருபது சீசன் தொடர்ச்சியா ஜெயிச்சத விட தோத்ததுதான் அதிகம். அதனாலதான் டிக்கெட் நம்ம பட்ஜெட்டுக்கு வருதுன்னு நெனைக்கிறேன். டவுன்டவுன்லேந்து ஸ்டேடியம் பக்கம் போற ரயிலும் ஃப்ரீ, அத மட்டும் குறிச்சு வச்சுக்கோங்க.

நம்ம ஊர் சம்பந்தம் ஒண்ணு இருக்கு. 2008ல ரிங்கு சிங் (கிரிக்கெட் ஆடுற ரிங்கு இல்ல), தினேஷ் படேல்னு உத்தரப்பிரதேசத்துப் பசங்க ரெண்டு பேர், ஈட்டி எறிஞ்சுக்கிட்டு இருந்தவங்க, ஒரு டிவி போட்டி மூலமா வந்து இந்த டீமோடதான் கையெழுத்துப் போட்டாங்க.

ஸ்டேடியத்துக்கு வெளில பைரேட்ஸோட பழைய ஆட்டக்காரர் வில்லி ஸ்டார்ஜெல் சிலை இருக்கு. 475 ஹோம் ரன் (நம்ம சிக்ஸர் மாதிரி) அடிச்ச ஆளு. எனக்குப் பிடிச்சது அது இல்ல, அவருக்கு ஊருக்குள்ள ஒரு சிக்கன் கடை இருந்துச்சு, அவரு ஹோம் ரன் அடிச்சா அந்த நேரத்துல கடைல நிக்கிறவங்களுக்கு சிக்கன் ஃப்ரீ! 2001ல சிலை திறந்து ரெண்டே நாள்ல, புது ஸ்டேடியத்துல மொத மேட்ச் நடக்கிற அன்னிக்குக் காலைல செத்துப்போயிட்டாரு.

பசி. சென்டர் ஃபீல்டு பக்கம் ஒரு பார்பிக்யூ கடை, பேரு மேனிஸ். ரெண்டு சாண்ட்விச் வெலையப் பாத்து மச்சான் ஒண்ண வாங்கி பாதி பாதி சாப்பிடலாம்னான். கறி நார் நாரா உதிருது, சாஸ் முழங்கை வரைக்கும் வழியுது, பாதி தின்னுட்டு மானம் கெட்டு இன்னொண்ணு வாங்கினோம். அந்த மேனி யாருன்னு தாத்தாதான் சொன்னாரு. மேனி சாங்கியேன், பனாமாக்காரர், இந்த டீமோட பழைய கேட்சர், நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி. ராபர்ட்டோ கிளமென்ட்டேவோட உயிர் சிநேகிதர்.

கிளமென்ட்டே போர்ட்டோ ரிக்கோக்காரர், பதினெட்டு சீசன் இந்த ஒரே டீமுக்கு ஆடினவரு. ஆட்டக்காரங்க படம் போட்டு விக்கிற பேஸ்பால் கார்டுல எல்லாம் பாப்னு பேர மாத்திப் போடுவானுங்களாம், அவரு என் பேரு ராபர்ட்டோன்னு கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாரு. 1972 செப்டம்பர் 30ல 3000வது ஹிட், அதாவது பந்த அடிச்சுட்டு பேஸுக்கு ஓடிச் சேர்ந்த கணக்கு. அதே வருஷம் டிசம்பர்ல நிகரகுவால நிலநடுக்கம், இவரு அனுப்பின நிவாரணப் பொருள் மக்களுக்குப் போய்ச் சேரலன்னு கேள்விப்பட்டு, 31ஆம் தேதி ராத்திரி தானே விமானத்துல ஏறினாரு. ஏறின கொஞ்ச நேரத்துல கடல்ல விழுந்துருச்சு. வயசு 38. கணக்கு சரியா 3000லயே நிக்குது, பிராட்மேன் 99.94ல நிக்கிற மாதிரி. டீம் மொத்தமும் அஞ்சலிக் கூட்டத்துல இருந்தப்ப சாங்கியேன் மட்டும் வரல. அவரு கடலுக்குள்ள குதிச்சு தேடிக்கிட்டு இருந்தாரு.

கையில பாதி சாண்ட்விச்சோட நின்னேன், எறங்கல.

அவரு ஜெர்சி நம்பர் 21, இப்ப இருக்கிற ஸ்டேடியத்துல வலது பக்கச் சுவரோட உயரமும் 21 அடி. கிளமென்ட்டே சிலையோட பீடத்துல அவரு ஆடின மூணு மைதானத்து மண்ண எடுத்து வச்சிருக்காங்க. மறுநாள் அவரோட மியூசியத்துக்கு ஓடினோம், பழைய தீயணைப்பு நிலையம் அது, புக் பண்ணாம போனா உள்ள போக முடியாதாம், என் தப்புதான், வாசல்ல செல்ஃபி எடுத்துட்டு வந்தோம். அப்புறம் பென் ஹில்ஸ் வெங்கடேஸ்வரா கோயில், 1970கள்லேந்து இருக்கிற கோயில், கேன்டீன்ல புளியோதரை. மூணு பார்சல்.



திரும்புற பஸ் ஒரு மணி நேரம் லேட். பிளாட்பாரத்துல உக்காந்து மூணாவது பார்சலப் பிரிச்சோம். மேட்ச்ல பாதி நேரம் தூங்கின மச்சான் திடீர்னு கேக்குறான், “டேய், அந்த சாங்கியேன் கடைசில கண்டுபிடிச்சானாடா?”

“இல்லடா. இன்னி வரைக்கும் கெடைக்கல.”

அவன் கடலைய மட்டும் பொறுக்கித் தின்னுக்கிட்டு இருந்தான்.