பதினைந்து நிமிடம்

'ஹக்கிள்பெரி ஃபின்' நாவலை 41 வயதில்தான் முழுதாக வாசித்தேன். மருதானையில் ஒரு பழைய புத்தகக் கடையில் 300 ரூபாய்க்கு எடுத்த பிரதி. அட்டைகூட இல்லை.

நவீன அமெரிக்க இலக்கியம் முழுவதும் இந்த ஒரு நூலிலிருந்துதான் வருகிறது என்று அமெரிக்க எழுத்தாளர் ஹெமிங்வே 1935இல் எழுதினார். ஏன் என்று கேட்டால் பெரும்பாலும் மொழியைத்தான் சொல்வார்கள். ஹக் என்ற படிப்பு ஏறாத ஒரு பொடியன் தன் வாய்ப்பேச்சிலேயே முழுக் கதையையும் சொல்கிறான். 1885 பெப்ரவரியில் அமெரிக்காவில் வெளிவந்த நூலை, அடுத்த மாதமே கொன்கோட் நகர நூலகம் கரடுமுரடானது என்று ஒதுக்கியது. அதெல்லாம் சரி. என்னை அசையவிடாமல் பிடித்தது 15ஆம் அத்தியாயம்.

மிசிசிப்பியில் மூடுபனி. ஹக்கின் வள்ளமும், ஓடிவந்த அடிமை ஜிம் இருந்த தெப்பமும் பிரிந்துவிடுகின்றன. இரவெல்லாம் கூப்பிட்டுத் தேடிக் களைத்து ஜிம் தூங்கிப்போகிறான். திரும்பி வந்த ஹக், ஒன்றுமே நடக்கவில்லை, நீ கனவுதான் கண்டாய் என்று நம்பவைக்கிறான். பிறகு தெப்பத்தில் கிடந்த குப்பையையும் உடைந்த துடுப்பையும் காட்டி, அப்போ இதெல்லாம் என்ன என்று கேட்கிறான். உன்னை உயிரோடு கண்டதும் எனக்கு அழுகை வந்தது, உனக்கோ என்னை ஏமாற்றுவதுதான் யோசனை என்கிறான் ஜிம். சொல்லிவிட்டு எழுந்து உள்ளே போய்விடுகிறான். ஓர் அடிமையிடம் போய் மன்னிப்புக் கேட்க ஹக்குக்குப் பதினைந்து நிமிடம் பிடிக்கிறது. ஆனாலும் போகிறான்.

எனக்கு ஒன்பது வயதில், வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் ஹட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஒருவர் வேலைக்கு நின்றார். பதினேழு வயதிருக்கும். அண்ணா என்று கூப்பிட எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். ஒரு பின்னேரம் கடற்கரைக்குக் கூட்டிப்போனவரிடம் விளையாட்டுக் காட்ட, தண்டவாளத்துக்கு அப்பால் பாறைகளுக்குள் ஒளிந்துகொண்டேன். ரயில் ஒன்று போனது. அவர் என் பெயரைக் கத்திக்கொண்டு ஓடியதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சிரித்தபடி நான் வெளியே வந்தபோது அவர் தண்டவாளத்து ஓரம் குந்தியிருந்தார்.

"ரயிலு வந்துச்சு பாப்பா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. வீட்டில் ஏச்சு விழுந்தது அவருக்கு. நான் வாய் திறக்கவில்லை.

இந்த நாவலை எழுதிய மார்க் ட்வெய்ன் 1896 ஜனவரியில் கொழும்புக்கு வந்திருக்கிறார். நம்மவர்களின் உடைகளின் நிறங்களைப் பார்த்து மயங்கி, தான் போட்டிருந்த உடுப்பை நினைத்து வெட்கப்பட்டதாகப் பயண நூலில் எழுதியிருக்கிறார். வெட்கம் எப்படி வரும் என்று தெரிந்த மனிதர். அதனால்தான் நாவலின் முடிவு எனக்கு இன்னும் வலிக்கிறது. அடைபட்டுக் கிடக்கும் ஜிம்மை வைத்து ஹக்கின் நண்பன் டொம் சோயர் வாரக்கணக்கில் தப்பிக்கும் நாடகம் ஆடுகிறான். அவனை விடுவிப்பதாக எஜமானி மரண சாசனத்தில் எழுதிவைத்தது டொமுக்கு முதலே தெரியும். மூடுபனி இரவின் அதே விளையாட்டுத்தான் இது, இன்னும் கொடூரமாக. ஹக்கும் கூட நிற்கிறான். இந்த முறை யாரும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஜிம்மின் கையில் டொம் 40 டொலர் கொடுக்கிறான், ஜிம்மும் சந்தோசப்படுகிறான்.

அந்த வருடத் தீபாவளிக்கு அவர் ஊருக்குப் போனார். அம்மா புதுச் சேட்டும் 500 ரூபாயும் கொடுத்தார். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "வர்றேன் பாப்பா" என்றார். திரும்பி வரவில்லை.