காரைக்குடியில் ஒரு ருவேதா வட்டம்: இதுவரை

சல்சா ஆடுகிறோம் என்று ஊரில் சொன்னால் டி.வி. போட்டிகளில் பார்த்ததைத்தான் நினைத்துக்கொள்கிறார்கள். பளபள உடை, தூக்கிச் சுழற்றல், நடுவர் மார்க். நாங்கள் பழகுவது அது இல்லை. கியூபாவில் கசினோ என்று சொல்லும் ஆட்டம், அதிலும் ருவேதா. ஜோடி ஜோடியாக வட்டமாக நிற்க வேண்டும். ஒருவர் குரல் கொடுப்பார். குரல் விழுந்ததும் எல்லா ஜோடியும் ஒரே நேரத்தில் அந்த அசைவைச் செய்யும். "தாமே" என்று குரல் வந்தால் பக்கத்து ஜோடியில் இருப்பவரோடு கைகோத்து ஆட்டத்தைத் தொடர வேண்டும். 1950-களின் கடைசியில் ஹவானாவில் கசினோ தெபோர்த்திவோ என்ற கிளப்பில் ஆடியவர்களிடமிருந்து பரவியது. கசினோ என்ற பெயரும் அங்கிருந்து வந்ததுதான். மேடைக்காக உருவானதல்ல, கூடி ஆடுவதற்காக உருவானது.

பெங்களூரில் வேலை பார்த்த காலத்தில் பழகினேன். காரைக்குடிக்குத் திரும்பியதும் ஆட ஆள் இல்லை. ஆள் வேண்டுமென்றால் நானே சொல்லிக்கொடுத்தால்தான் உண்டு. போன வருஷம் ஆடி கழிந்ததும் தொடங்கினோம். அழகப்பா பல்கலைக்கழக மாணவிகள், சிக்ரியில் (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) ஆராய்ச்சி செய்யும் ஒரு தம்பி, வங்கியில் வேலை பார்க்கும் அண்ணன், அவர் மனைவி, ஓய்வு பெற்ற பி.டி. டீச்சர் என்று மெல்ல மெல்ல ஆள் சேர்ந்தது.

ருவேதாவைத் தேர்ந்தெடுத்ததற்கு முக்கியமான காரணம் இருக்கிறது. தனி ஜோடியாக ஆடும் இடங்களில் நன்றாக ஆடுகிறவர்கள் தங்களுக்குள் ஆடிக்கொள்வார்கள். புதிதாக வந்தவர் சுவரோரம் நின்றுவிட்டு இரண்டாம் வாரம் வர மாட்டார். ருவேதாவில் அது நடக்காது. நேற்று வந்தவரும் ஒரே பாட்டுக்குள் எல்லோருடைய கையையும் பிடித்திருப்பார். இன்னொன்று, நம் ஊரில் யார் யாரோடு ஆடினார்கள் என்பதுதான் பேச்சாகும். வட்டத்தில் யாரும் யாரோடும் சில எட்டு எண்ணிக்கைகளுக்கு மேல் நிற்பதில்லை. பேச்சுக்கு இடமே இல்லாமல் போய்விடுகிறது.

இடம் கிடைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. ஒரு ஹாலில் முன்பணம் வரை பேசி முடித்தோம், "ஜோடி டான்ஸா?" என்று கேட்டுவிட்டு மறுநாள் இல்லை என்றார்கள். பிறகு மாணவி ஒருத்தியின் உறவில் ஓர் ஆச்சி, தன் வீட்டு வளவிலேயே, அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றப் பகுதியிலேயே, ஆடிக்கொள்ளச் சொன்னார். பிள்ளைகளெல்லாம் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, அவ்வளவு பெரிய வீட்டில் அவர் ஒருவர்தான். "வீடு மனுஷங்க நடக்கத்தானே ஆத்தா கட்டினது. வாசக்கதவ மட்டும் சாத்தாதீங்க, யாரும் வந்து பாக்கட்டும்" என்றார். அந்த ஒரு சொல்லே எங்களுக்கு விதியாகிவிட்டது. கதவு திறந்துதான் இருக்கும். பெற்றோர் வந்து தூணோரம் உட்கார்ந்து பார்க்கலாம். பார்த்துவிட்டுப் போன ஒரு அம்மா அடுத்த வாரம் தன் மகளோடு தானும் ஆட வந்தார்.

வளவில் முற்றத்தைச் சுற்றியிருக்கும் பத்தியின் தரை முழுக்க ஆத்தங்குடிக் கல். தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் சமூக ஆட்டத்தில் பாதி வேலையைத் தரைதான் செய்கிறது. ஆத்தங்குடிக் கல்லைச் சூளையில் சுடுவதில்லை. கண்ணாடித் தகட்டின் மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்டைக் கையால் ஊற்றி, பின்பக்கம் மணலும் சிமென்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டுக் காயவைக்கிறார்கள். கண்ணாடியில் படிந்த பக்கம்தான் மேலே வருகிறது. அதனால் அந்த வழவழப்பு, நடக்க நடக்கக் கூடவும் செய்கிறது. வெறுங்காலில் ஆடினால் வியர்வையில் பாதம் ஒட்டிக்கொள்ளும். பாதம் நின்றுவிட்டு உடம்பு மட்டும் திரும்பினால் திருகல் முழுக்க முட்டியில் இறங்கும். சாக்ஸ் போட்டால் வழுக்கிக்கொண்டே போகும். நடன ஷூக்களின் அடியில் சூயட் தோல் இருப்பது இதற்காகத்தான்: வைத்தால் நிற்கும், திருப்பினால் திரும்பும். பழைய கேன்வாஸ் ஷூக்களைக் கொண்டுபோய், செருப்புத் தைக்கும் அண்ணனிடம் அடியில் சூயட் தோல் ஒட்டி வாங்கினோம். அந்த ஷூ தெருவையே பார்க்காது, வீட்டுக்குள் மட்டும்தான் என்று சொன்ன பிறகே ஆச்சி சம்மதித்தார்.

இனி அடிப்படை. முதல் சில வாரங்கள் ஒரு சுழற்றல்கூடச் சொல்லித்தரவில்லை. நடை மட்டும்தான். கணக்கு எட்டு, 1, 2, 3-இல் மூன்று காலடி வைப்பு, 4-இல் நிறுத்தம், 5, 6, 7-இல் மூன்று, 8-இல் நிறுத்தம். மூன்று வைப்பு என்பதால் 1-இல் எந்தக் கால் போனதோ 5-இல் அதற்கு மறு கால் போகும். சொல்லும்போது எளிதாக இருக்கும். பாட்டு ஓடும்போது கால் குழம்புவதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றே: பாதம் தரையில் பட்டிருக்கும், எடை அதன் மேல் வந்திருக்காது. அதனால் 4-இல் எல்லோரையும் உறைந்து நிற்கச் சொல்வேன். எந்தக் கால் அடுத்துப் போக வேண்டுமோ அதை அப்படியே தூக்க வேண்டும். உடம்பு சாயாமல் தூக்க முடிந்தால் எடை மாறியிருக்கிறது. தள்ளாடினால் மாறவில்லை. பி.டி. டீச்சர் இதை உடனே பிடித்துக்கொண்டார்; இப்போது புதியவர்களுக்கு இந்தப் பயிற்சியை அவர்தான் தருகிறார், என்னைவிடக் கறாராக.

காலடி சின்னதாக இருக்க வேண்டும் என்பதையும் அங்கேயே பழக்கிவிட வேண்டும். விறுவிறுப்பான சல்சா நிமிடத்துக்கு 180, 200 தாள அடி என்று ஓடும். அகலக் கால் வைத்தால் மூன்றாவது அடிக்குள் உடம்பு திரும்பி வராது. தொடக்கத்தில் கியூபாவின் மெதுவான சோன் இசையையே போடுகிறேன். சல்சாவின் வேரே அதுதான், கேட்கவும் இதமாக இருக்கும்.

அடுத்து கை. ஜோடி ஆட்டத்தில் இதுதான் உயிர். ருவேதாவின் அடிப்படை நிலைக்குக் குவாப்பேயா என்று பெயர். ஒரு கை கோத்திருக்கும். இருவரும் பின்வாங்கி, முன்வந்து, மற்ற உள்ளங்கையை லேசாக அழுத்திப் பிரிவார்கள். அந்த அழுத்தத்தில்தான் பேச்சு நடக்கிறது. ஒருவர் கை தொய்ந்திருந்தால் செய்தி போகாது, முறுக்கியிருந்தால் தள்ளலாகிவிடும். இதைப் பழக்க ஒரு பயிற்சி. இருவர் எதிரெதிரே நிற்க, உள்ளங்கைகளுக்கு நடுவே தினத்தந்தித் தாள் ஒன்று. விரல் மடங்கக் கூடாது. அப்படியே முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் நடக்க வேண்டும். தாள் கீழே விழவும் கூடாது, கசங்கவும் கூடாது. முதலில் எல்லோரும் தோளை இறுக்குவார்கள். ஐந்து நிமிடம் கழித்து முழங்கை இறங்கும், மூச்சு சீராகும், தாள் அசையாமல் நிற்கும். அதன் பிறகு ஃபாலோ எடுப்பவரை, அதாவது துணையின் நகர்வைப் பின்தொடர்ந்து ஆடுபவரை, கண்ணை மூடிக்கொள்ளச் சொல்வேன். லீட், அதாவது ஆட்டத்தை வழிநடத்துவது, என்பது கையால் இழுப்பது அல்ல, தன் உடம்பு நகர்ந்து அந்த நகர்வு கை வழியாகப் போய்ச் சேருவது என்பது அப்போதுதான் பிடிபடும். வங்கி அண்ணனும் அவர் மனைவியும் இந்தப் பயிற்சியை ஆடும்போது மொத்த வளவும் நின்று பார்க்கும், அவ்வளவு அழகாக வரும்.

லீட், ஃபாலோ இரண்டையும் எல்லோரும் பழக வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஆண்தான் லீட் என்ற கணக்கு வைக்கவில்லை. வலது மணிக்கட்டில் ரிப்பன் கட்டியவர் அந்தப் பாட்டுக்கு லீட். பாட்டு மாறும்போது ரிப்பனும் மாறலாம். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவர் மறுபக்கம் இருப்பவரின் கையை இழுக்க மாட்டார். பெண்கள் மட்டும் ஆடும் வட்டம் ஒன்றும் உண்டு. ஆண்களோடு கைகோக்கத் தயங்குகிறவர்கள் அதிலேயே இருக்கலாம், எவ்வளவு காலம் வேண்டுமானாலும். கலந்த வட்டத்துக்கு வா என்று யாரும் கூப்பிட மாட்டோம். தானாக வந்தவர்கள் உண்டு, வராமலே நன்றாக ஆடுகிறவர்களும் உண்டு.

வட்டம் முடிந்து தனி ஜோடியாக ஆடும்போது "ஆடலாமா?" என்று வாய்விட்டுக் கேட்க வேண்டும். "இப்ப வேண்டாம்" என்றால் அதோடு சரி. காரணம் கேட்கக் கூடாது, முகமும் மாறக் கூடாது. இதைக்கூட ஒரு பயிற்சியாகவே செய்ய வைத்தோம், மறுப்பதையும் மறுப்பை ஏற்பதையும் மாற்றி மாற்றி. ஆட்டத்தின் நடுவே பாடம் எடுப்பதும் கிடையாது. ஒருவருடைய கால் பற்றி அவர் கேட்டால் மட்டுமே சொல்லலாம். ஒரு மாணவி என்னிடம் சொன்னாள், "வேண்டாம்னு சொல்ல முடியிறதாலதான் இங்க தைரியமா சரின்னு சொல்றேன்க்கா."

இசையைக் கேட்கப் பழகுவதற்குக் கோலாட்டக் கழிதான் கைகொடுத்தது. கியூப இசைக்கு அச்சு கிளாவே என்ற தாளத் தட்டு. அதை வாசிப்பதும் இரண்டு மரக்கோல்களைத் தட்டித்தான். எட்டு அடிக்குள் ஐந்து தட்டு: 1, பிறகு 2-க்கும் 3-க்கும் நடுவில் ஒன்று, 4, 6, 7. இதற்கு மூன்று-இரண்டு என்று பெயர். பாதியைத் திருப்பிப் போட்டால் இரண்டு-மூன்று. பல பாட்டுகளில் கிளாவே காதில் விழாது, மற்ற வாத்தியங்கள் அதைச் சுற்றியே வாசிக்கும். ஆச்சி வீட்டுப் பரணில் கிடந்த கோலாட்டக் கழிகளை எடுத்து, பாதிப் பேர் தட்ட, பாதிப் பேர் நடக்க என்று செய்து பார்த்தோம். ஆதி தாளத்துக்குக் கை பழகியவர்களுக்கு எட்டு புதிதில்லை, அந்த நடுத்தட்டுதான் புதிது. அது விழுந்துவிட்டால் உடம்பே அசையத் தொடங்கிவிடுகிறது. பாட்டு உச்சத்துக்குப் போகும்போது மாட்டுமணி வாத்தியம் 1, 3, 5, 7-இல் தட்டும். கணக்கு தொலைந்தவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்துவிடலாம்.

எங்கள் வட்டத்துக்கு நடந்த மிக நல்ல காரியம் குரல் கொடுக்க ஆள் அமைந்ததுதான். தொடக்கத்தில் சிக்ரி தம்பி குரல் கொடுத்தான். குன்றக்குடிப் பக்கத்திலிருந்து ஆச்சி வீட்டுக்கு வேலைக்கு வரும் அக்கா தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டே இருந்தவர், ஒருநாள் சொன்னார்: "ஏந்தம்பி, கால் எடுத்த பெறகு சொன்னா எப்படி? பாட்டெடுக்கிறவ முன்னாடியே சொல்லணும்ல." அவர் தன் ஊர் முளைப்பாரியில் கும்மிக்குப் பாட்டெடுக்கிறவர். ருவேதாவுக்கு வேண்டிய முழு இலக்கணமும் அந்தப் பேச்சில் இருந்தது. அடுத்த எட்டில் நடக்க வேண்டியதை முந்தின எட்டுக்குள் சொல்லி முடித்திருக்க வேண்டும்.

பத்து குரல்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தோம். தாமே, என்சுஃப்லா, தீலே கே நோ, செத்தெந்தா. நோட்டில் இருந்ததை இரண்டே வாரத்தில் மனதில் வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு குரலுக்கும் கைச் சாடை உண்டு, சத்தத்தில் கேட்காதவர்களுக்காக. அதையும் சேர்த்துப் பழகினார். கும்மியில் அவர் செய்வதையே இங்கும் செய்கிறார்: எந்த ஜோடி திணறுகிறது என்று பார்த்துக்கொண்டே, அவர்களுக்கு மூச்சு வரும்வரை எளிய குரலையே திரும்பக் கொடுக்கிறார், பிறகுதான் கடினமானதற்குப் போகிறார். நகரத்து வட்டங்களில் நான் ஆடியபோதும் இந்தக் கவனிப்பை அதிகம் பார்த்ததில்லை. வட்டம் சுருங்காமல் இருக்கவும் அவர்தான் வழி சொன்னார்: பக்கத்தில் இருப்பவரைப் பார்க்காதே, எதிரே இருப்பவரைப் பார். எதிர்ப்பக்கம் பார்க்கும்போது வட்டம் தானே அகலமாக நிற்கிறது. நடனம் பழகியவர்களைத் தேடி அலைவதைவிட, ஊரில் ஏற்கெனவே வட்டத்தில் நின்றவர்களைத் தேடிப் போவது எவ்வளவோ மேல் என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

திசை மட்டும் இன்னும் சிக்கல்தான். "தாமே" என்றதும் லீட் எடுப்பவர்கள் தங்களுக்கு வலப்பக்கம் இருக்கும் அடுத்தவரிடம் போக வேண்டும். அப்படிப் போனால் வட்டத்தின் நடு அவர்களுக்கு இடக்கைப் பக்கம் வரும். கோயிலை வலம் வந்தே பழகிய கால்கள் நடுவை வலக்கைப் பக்கம் வைக்கத்தான் பார்க்கும். களைத்திருக்கும்போது பாதிப் பேர் எதிர்த்திசையில் கிளம்பிவிடுகிறார்கள். தரையில் வெள்ளை டேப்பால் அம்புக்குறி ஒட்டியிருக்கிறோம். துணை கிடைக்காமல் தனித்துப்போனவர் ஒரு கையைத் தூக்கிக்கொண்டு நடுவுக்கு வர வேண்டும்; இதேபோல் தனித்த இன்னொருவர் அங்கே வருவார், இருவரும் சேர்ந்து காலியான இடத்தில் நுழைந்துகொள்வார்கள்.

மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் கோயில் மாசி-பங்குனித் திருவிழாவில் பலரும் காப்புக் கட்டியிருந்ததால் வகுப்பு இல்லை. திரும்ப வந்தபோது கணக்கு மறக்கவில்லை, கைதான் முறுக்கேறியிருந்தது. மறுபடி தினத்தந்தித் தாளிலிருந்து தொடங்கினோம். இப்போது எங்கள் வட்டம் ஒரு முழுப் பாட்டுக்கு உடையாமல் சுற்றுகிறது. செத்தெந்தாவில் கை பின்னால் போகும் இடத்தில் இன்னும் தோள் இறுகுகிறது. மெதுவாகப் பிரித்துப் பழகிவருகிறோம். குரல்களை ஸ்பானிய மொழியிலேயே வைத்திருப்பதன் பலன் ஒன்றும் தெரிந்தது. வேலைக்காகச் சிங்கப்பூர் போன எங்கள் மாணவி அங்கே ஒரு வட்டத்தில் நுழைந்து, முன்பின் தெரியாதவர்களோடு அன்று மாலையே ஆடியிருக்கிறாள்.

ஞாயிறு சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் ஆச்சி வெள்ளைப் பணியாரமும் மிளகாய்ச் சட்டினியும் கொடுப்பார். பல நல்ல யோசனைகள் அந்த நேரத்தில்தான் வருகின்றன. வட்டத்துக்குள் வட்டம் வைத்து ஆடிப் பார்க்கலாம் என்று சொன்னது அக்காதான். முளைப்பாரியில் அவர்கள் ஊரில் கூட்டம் அதிகமானால் அப்படித்தான் நிற்பார்களாம். உள்வட்டத்துக்கு அவர் குரல், வெளிவட்டத்துக்குச் சிக்ரி தம்பியின் குரல் என்று பிரித்திருக்கிறோம். தேவகோட்டையிலிருந்து வருகிறவர்கள் அங்கேயே தொடங்க வேண்டும் என்கிறார்கள். இடம் பார்த்துவிட்டார்கள், தரை சிமென்ட், கொஞ்சம் சொரசொரப்பு. சூயட் தோல் அதில் சீக்கிரம் தேயும் என்பதால், அடுத்த வாரம் ஷூக்களோடு போய் நடந்து பார்த்துவிட்டு முடிவு சொல்ல வேண்டும்.