புற்றுக்காளானின் வேரும் பச்சைத் தூளும்

வேலூரை வெயிலூர் என்று கேலி பேசுவார்கள். அந்த வெயிலூரிலும் ஆடிக் கடைசியில் தொடங்கி ஐப்பசி வரை, சாயங்கால இடிமழை இரண்டு மூன்று சேர்ந்தாற்போல் பிடித்துவிட்டால் காளான் கிளம்பிவிடும். ஒடுகத்தூர், அணைக்கட்டுப் பக்கத்துச் செம்மண் காடுகளிலும், அமிர்தி போகிற வழியிலும், ஏரிக்கரைப் புற்றுகளிலும் வெள்ளைக் குடைகள் தெரியும். உடனே வாட்ஸ்அப்பில் ஒரு படம் வரும்: உள்ளங்கையில் ஒரு குடை, மேலிருந்து எடுத்தது, கீழே "இது என்ன காளான், சாப்பிடலாமா?" என்று ஒரு கேள்வி.

அந்தப் படத்தை வைத்துப் பதில் சொல்ல முடியாது. பூஞ்சை படித்தவர்களாலும் முடியாது. அடையாளம் சொல்லக்கூடியவை இரண்டு. ஒன்று மண்ணுக்குள் இருக்கும் அடிப்பகுதி. மற்றது குடைக்கு அடியில் மடிப்பு மடிப்பாக இருக்கும் செவுளிலிருந்து உதிரும் வித்துத்தூளின் நிறம். பறிக்கும்போதே முதலாவதை ஒடித்துப் போட்டுவிடுகிறோம். இரண்டாவதைப் பார்க்கும் பொறுமை யாருக்கும் இல்லை.

முதலில் அடிப்பகுதி. காளானைப் பிடித்து இழுக்கக் கூடாது. ஒரு சாண் தள்ளி களைக்கொத்தால் சுற்றிலும் மண்ணைத் தளர்த்தி, விரலால் மண்ணை விலக்கிக்கொண்டே காம்போடு கீழே போக வேண்டும். புற்றுக்காளான் என்றால் பெரும்பாலும் காம்பு தரைமட்டத்தில் முடியாது. மெலிந்து, வேர் மாதிரி நீண்டு, சில சமயம் முழங்கை ஆழத்துக்கும் கீழே போகும். அது வேர் அல்ல, காம்பின் நீட்சிதான். பொய்வேர் என்று சொல்லலாம். அதன் நுனி கரையான் அறையில் இருக்கும் துளைத்துளையான பஞ்சு போன்ற அடையில் முடிகிறது. முழுவதையும் தோண்டத் தேவையில்லை. பொய்வேர் இருக்கிறதா என்று உறுதியாகும் வரை, ஏறக்குறைய 10 முதல் 15 செ.மீ. போனால் போதும். அதற்குமேல் தோண்டினால் அறை உடையும். காற்றும் வேற்றுப் பூசணமும் உள்ளே போய்விடும்.

இன்னொரு காரணத்துக்காகவும் அடியைப் பார்த்தே ஆக வேண்டும். ஆளைக் கொல்லும் நஞ்சுக்காளான்களும் அடங்கிய அமனிட்டா இனங்களில் காம்பின் அடியில் முட்டை ஓடு உடைந்தது போல ஓர் உறை இருக்கும். அது மண்ணுக்குள்தான் கிடக்கும். தரையோடு ஒடித்தவருக்குக் கையில் வெறும் வெள்ளைக் காளான்தான் மிஞ்சும்.

இந்தக் காளான் புற்றில் ஏன் முளைக்கிறது என்று தெரிந்தால் மற்றது எல்லாம் எளிதாகப் புரியும். நம் பக்கத்துச் செம்மண் புற்றுகளைக் கட்டுவதில் பெரும்பங்கு ஒடோன்டோடெர்மெஸ் வகைக் கரையானுக்கு. அதற்கு மரத்தையும் சருகையும் தானே முழுதாகச் செரிக்க முடியாது. மென்று, வயிற்றில் வேகமாகக் கடத்தி, எச்சத்தை அறைக்குள் அடையாகக் கட்டுகிறது. அந்த அடையில் டெர்மிட்டோமைசிஸ் என்ற பூஞ்சை வளர்ந்து மரத்துக்குக் கெட்டி தரும் லிக்னினையும் செல்லுலோஸையும் உடைக்கிறது. அடையின் மேல் கசகசாவைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை உருண்டைகள் தோன்றும். கரையான் அவற்றைத் தின்னும். அவற்றில் இருக்கும் வித்து கரையானின் வயிறு வழியே புதிய அடைக்குள் போய் விழும். விதைப்பும் அறுவடையும் ஒரே வாயால் நடக்கிறது. இந்தக் கூட்டு ஏறத்தாழ 3 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் தொடங்கியது என்று மரபணுக் கணக்கு சொல்கிறது.

மழை ஈரம் அறைவரை இறங்கும்போது அடையிலிருந்து அந்தப் பூஞ்சையே காளானாக மேலெழுகிறது. கெட்டி மண்ணைத் துளைக்க வேண்டுமே, அதற்காகத்தான் குடையின் நடுவில் கூரான, கெட்டியான கொம்மை, அதாவது புடைப்பு. விரலால் அழுத்திப் பாருங்கள். குடையின் ஓரம் மெத்தென்று மடங்கும். நடுக்கூர் பாக்கு மாதிரி நிற்கும். சிப்பிக்காளான் மாதிரி இதை வைக்கோல் பையில் போட்டு வளர்க்க முடியாததற்கும் காரணம் இந்தக் கூட்டுதான். களை எடுப்பது, வெப்பத்தையும் ஈரத்தையும் பார்த்துக்கொள்வது, வேறு பூசணத்தை ஒழிப்பது எல்லாம் கரையான் செய்யும் வேலை. அந்த வேலையாள் இல்லாமல் பயிர் இல்லை.

பெரும்பாலான இனங்களில் புதிதாகக் குடியேறும் கரையான் கூட்டம் பூஞ்சையை வெளியிலிருந்துதான் பெறுகிறது. அதாவது மேலே விரிந்து தூள் உதிர்த்த காளானிலிருந்து. மொட்டிலேயே மொத்தத்தையும் பறித்துவிடுகிற பழக்கம் எனக்குப் பிடிக்காததற்கு இதுவே காரணம். ஒரு புற்றில் நாலைந்தையாவது விரிய விடுங்கள்.

இனி ஆபத்தான ஒப்பனைக்காரர். தென்னந்தோப்பு, பள்ளி மைதானம், குப்பை எரு கொட்டிய இடம், புல்தரை ஆகியவற்றில் மழைக்குப் பின் வட்டமாகவோ வரிசையாகவோ பெரிய வெள்ளைக் குடைகள் வரும். நடுவில் பழுப்புச் செதில், காம்பில் மேலும் கீழும் நகர்த்தக்கூடிய வளையம். அதன் பெயர் குளோரோஃபில்லம் மாலிப்டைட்டிஸ். தின்ற 1 முதல் 3 மணி நேரத்துக்குள் வாந்தியும் பேதியும் ஆளைப் புரட்டிப் போடும். இதன் செவுள் இளசில் சுத்த வெள்ளை. முற்றிய பிறகே சாம்பல் பச்சை ஏறும். ஆக, இளசைப் பறித்தவர் வெள்ளைச் செவுளைப் பார்த்து நல்ல காளான் என்று நம்பிவிடுகிறார். "வளையம் இருந்தால் விஷம்" என்ற ஊர்ச் சட்டமும் உதவாது. 1979-ல் பூஞ்சை ஆய்வாளர் நடராஜன் தென்னிந்தியாவிலிருந்து விவரித்த டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்ற உண்ணத்தக்க புற்றுக்காளானுக்கும் வளையம் உண்டு. வெள்ளிக்காசு கறுப்பது, மஞ்சள் சிவப்பது, பூண்டு நிறம் மாறுவது, எறும்பு மொய்ப்பது — இவற்றில் ஒன்றுகூடச் சோதனை அல்ல.

நம்பத்தக்க சோதனை வித்துத்தூள் அச்சு. விரிந்த, ஆனால் அழுகாத குடை ஒன்றை எடுத்துக் காம்பைச் செவுளோடு ஒட்ட வெட்டுங்கள். செவுள் கீழே இருக்கும்படி கண்ணாடித் துண்டின் மேல் வையுங்கள். கண்ணாடி இல்லாவிட்டால் ஓஎச்பி ஷீட் (ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாள்) போதும். வெள்ளைத்தாள் வேண்டாம், வெள்ளைத் தூள் அதில் தெரியாது. குடையின் உச்சியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, மேலே டம்ளரையோ கிண்ணத்தையோ கவிழ்த்து, 4 முதல் 12 மணி நேரம் விட்டுவிடுங்கள். ஃபேனை நிறுத்த வேண்டும். மூடாமல் ஃபேன் காற்றில் வைத்தால் தூள் பறக்கும், குடையும் சுருங்கி ஒன்றும் உதிராது. விடியும்போது செவுளின் கோடுகள் அப்படியே கண்ணாடியில் படிந்திருக்கும். அந்தத் தூளை பிளேடால் ஒரு மூலையில் சுரண்டிக் குவித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். மஞ்சள் பல்பின் கீழ் பார்த்தால் இளஞ்சிவப்பும் வெண்மஞ்சளும் ஒன்றாகத் தெரியும்.

புற்றுக்காளான் தூள் வெளிறிய இளஞ்சிவப்பு. மாலிப்டைட்டிஸ் தூள் மங்கிய பச்சை. பச்சையில் உதிர்ப்பவை மிகச் சில என்பதால் ஏறக்குறைய அதுவே முடிவு. அமனிட்டாவுக்கு வெள்ளை. ஒன்றுமே விழவில்லை என்றால் காளான் மொட்டாக இருந்திருக்கும், அல்லது முந்தின நாளே தூள் தீர்ந்த கிழமாக இருந்திருக்கும், அல்லது ஃபிரிட்ஜில் வாடியிருக்கும். அச்சு விழாத காளானுக்குப் பெயர் வைக்காதீர்கள்.

சரி, அச்சு இளஞ்சிவப்பாக வந்தது, இனிச் சட்டியில் போடலாமா? இந்தக் கட்டுரையை வைத்துச் சாப்பிட வேண்டாம் என்பதே என் பதில். தின்று வாந்தி வந்தால் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். 6 மணி நேரம் கழித்துத் தொடங்கும் வாந்திதான் கூடுதல் பயம். அமனிட்டாவின் கல்லீரல் நஞ்சு அப்படித்தான் தாமதமாக வரும், சமைத்தாலும் போகாது. வயிறு சரியானது போல ஒரு நாள் இருந்துவிட்டு ஈரல் கெடும். மிச்சமிருக்கும் காளானை, கழிவுத் துண்டாக இருந்தாலும், ஆஸ்பத்திரிக்குக் கையோடு கொண்டு போங்கள்.

மைக்ராஸ்கோப் கிடைக்கிறவர்களுக்கு: அச்சிலிருந்து ஊசிமுனை அளவு தூளை 5 சதவீத பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டில் கலந்து, கவர் கிளாஸ் போட்டு, 400 மடங்கிலும் பிறகு எண்ணெய் விட்டு 1000 மடங்கிலும் பாருங்கள். செவுளைக் கீறி எடுக்கும் வித்தில் பிஞ்சும் கலந்திருக்கும், அளவு தவறும். நுண்ணிய அளவுக்கோடுகள் பொறித்த கண்ணாடித் துண்டான ஸ்டேஜ் மைக்ரோமீட்டர் வைத்து அளவுகோலைச் சரிபார்க்காமல் எழுதிய எண் வெறும் எண்தான். 20 வித்துகளாவது அளக்க வேண்டும். மாலிப்டைட்டிஸ் வித்து ஏறத்தாழ 8–12 × 6–8 மைக்ரோமீட்டர், தடித்த சுவர், நுனியில் முளைத்துளை (வித்து முளைக்கும் சிறு துளை). வித்தின் நிறமாற்றம் பார்க்கப் பயன்படும் மெல்சர் அயோடின் கரைசலில் செம்பழுப்பாகும். புற்றுக்காளான் வித்து சிறியது, மெல்லிய வழவழப்பான சுவர், முளைத்துளை இல்லை, மெல்சரில் நிறம் மாறாது.

மாதிரியைக் காப்பதில்தான் பெரும்பாலும் கோட்டை விடுகிறோம். பாலித்தீன் கவரில் போட்டு பஸ்ஸில் வந்தால் ஒரு மணி நேரத்தில் வியர்த்துக் குழைந்துவிடும். நியூஸ் பேப்பரில் தனித்தனியாகச் சுற்றுங்கள். பூவரசு இலையும் நன்றாகத் தாங்கும். அன்று இரவே நெடுக்குவாட்டில் பிளந்து, 40 முதல் 45 டிகிரி சூட்டில் உலர்த்த வேண்டும். 50-ஐத் தாண்டினால் உலராது, வேகும். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று வைத்தால் புழு மிச்சம் வைக்காது. அப்பளம் போல ஒடிந்தால் உலர்ந்தது. ஜிப் கவரில் சிலிக்கா ஜெல்லோடு அடைத்து, ஒரு வாரம் மைனஸ் 20 டிகிரியில் வைத்தால் பூச்சி முட்டைகளுக்கும் முடிவு. கூடவே சீட்டு: தேதி, இடம், புற்றிலா புல்லிலா, பொய்வேர் உண்டா, வளையம், மணம், தூள் நிறம். உலர்ந்த பின் எல்லாக் காளானும் ஒரே பழுப்புச் சருகுதான். நிறத்தையும் மணத்தையும் சீட்டுதான் நினைவு வைத்திருக்கும். காப்புக்காடு என்றால் வனத்துறை அனுமதி இல்லாமல் எடுக்காதீர்கள். பட்டா நிலத்துப் புற்றே ஏராளம்.

டி.என்.ஏ. பார்த்துவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்ற நம்பிக்கை இப்போது பரவியிருக்கிறது. 2012-ல் பூஞ்சைகளுக்குப் பொது அடையாளப் பகுதியாக ஐ.டி.எஸ். என்ற டி.என்.ஏ. துண்டு முன்மொழியப்பட்டது உண்மை. ஆனால் மேல்தோலில் சுரண்டி எடுத்தால் அதில் ஒட்டிய பூசணத்தின் பெயர்தான் வரும். குடையைப் பிளந்து உள்சதையிலிருந்து, நெருப்பில் காட்டிய பிளேடால் அரிசி அளவு எடுக்க வேண்டும். பொதுத் தரவுத்தளத்தில் பொருந்திவரும் பெயரும், பதிவேற்றியவர் வைத்த பெயர்தான். அவர் தவறினால் நீங்களும் தவறுவீர்கள். அடித்தண்டும் அச்சும் உள்ள மாதிரி கையில் இருந்தால்தான் அந்தத் தவறைப் பிடிக்க முடியும்.

உருவம் எப்படி ஏமாற்றும் என்பதற்கு நம் புற்றுகளிலேயே இன்னோர் ஆள் உண்டு. காய்ந்த வெளிகளில், சில சமயம் புற்றின் மேலேயே, விரியாத குடை மாதிரி நீள்முட்டை வடிவில் நிற்கும் பொடாக்ஸிஸ் பிஸ்டில்லாரிஸ். முற்றினால் உள்ளே கரும்பழுப்புப் பொடி. 1771-ல் லின்னேயஸ் இதைப் பொடிப்பந்துக் காளான்களோடு சேர்த்தார். இன்றைக்கு அது மாலிப்டைட்டிஸ் இருக்கும் அதே குடும்பத்தில் இருக்கிறது. புற்றில் முளைத்ததெல்லாம் புற்றுக்காளான் இல்லை என்பதற்கு இதைவிட எளிய சான்று வேண்டாம்.

காளான் வந்த புற்றைக் குறித்து வைத்து அடுத்த ஆவணியிலும் போய்ப் பாருங்கள். கரையான் உயிரோடு இருந்தால் பெரும்பாலும் அங்கேயே வரும். குடைக்குப் பதிலாகக் கருப்பாக, கரிக்குச்சி போல விரல் விரலாக நீட்டிக்கொண்டிருந்தால் அது சைலேரியா என்ற வேறொரு பூஞ்சை. அது உயிருள்ள அடையிலும் ஒளிந்து கிடக்கும். கரையான் அடக்கி வைத்திருக்கும் களை. அது தலைகாட்டினால் அந்த அறையில் கரையான் இல்லை.