சொன்ன நாளில் போகிற லோடு

பர்மாவில் யாங்கோனில் உளுந்து வியாபாரம் பார்க்கிற எங்கள் வீட்டில் பல வருடம் ஒரே பேச்சுதான்: விலை ஏறுமா, இறங்குமா? பிப்ரவரி, மார்ச்சில் புது உளுந்து வந்ததும் வாங்கிக் கிடங்கில் அடுக்கிவிட்டு, சென்னையில் விலை ஏறட்டும் என்று காத்திருப்போம். அதைத்தான் தொழில் திட்டம் என்று நினைத்திருந்தோம். 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்து, பாசிப்பயறு இறக்குமதிக்கு வருடத்துக்கு 3 லட்சம் டன் என்று வரம்பு வைத்தது. பர்மா உளுந்தில் பெரும்பகுதி போவதே அங்கேதான், எங்கள் மூட்டைகள் அப்படியே கிடந்தன.

அந்தச் சமயம் மதுரைப் பக்கம் அப்பளம் போடுகிற ஒரு அண்ணாச்சி போனில் சொன்னது இன்னும் காதில் நிற்கிறது. "தம்பி, விலை கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு லோடும் ஒரே மாதிரி வரட்டும். போன தடவை மாவுக்கு ஊற்றின தண்ணீர் கணக்கு இந்தத் தடவை சரிப்படவில்லை, ஒரு நாள் மாவு பாழ். வேலைக்கு வந்த பெண்களை என்ன சொல்லித் திருப்பி அனுப்புவது?"

நாங்கள் அனுப்பியது உளுந்து மட்டும் இல்லை, அவருடைய மறுநாள் வேலையும் அதில் இருந்தது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

அப்புறம் மாதம் ஒரு கண்டெய்னர், எஸ்.க்யூ. என்கிற உயர்ந்த தரம் மட்டும் என்று முடிவு செய்தோம். முடியும் என்று தோன்றுவதைவிடக் குறைவாகவே ஒத்துக்கொள்கிறோம். மே மாதம் மழை பிடிப்பதற்குள் சரக்கைக் காயவைத்து, ஈரப்பதம் பார்த்து, போன லோடின் சாம்பிளைப் பக்கத்தில் வைத்துப் பார்த்த பிறகுதான் மூட்டை தைக்கிறோம். இதெல்லாம் பழகிவிடும். கஷ்டம் எங்கே என்றால், சந்தை சூடாக இருக்கும்போது வேறொருவர் கூடுதல் விலை சொல்லி அண்ணாச்சிக்கு வைத்த சரக்கையே கேட்பார், வீட்டிலும் "கொடுத்துவிடேன்" என்பார்கள், அப்போது மாட்டேன் என்று சொல்வதுதான். 2021ல் வருடம் 2.5 லட்சம் டன் உளுந்து என்று இந்தியாவோடு ஐந்து வருட ஒப்பந்தம் வந்தபோது பெரிதாக வாங்கிக் குவிக்க எனக்கும் கை துறுதுறுத்தது. குவிக்கவில்லை.

கப்பல் நம் கையில் இல்லை, தாமதமாகும். போன மாதம் அப்படி ஆனதும் அவர் கேட்பதற்கு முன்னாலேயே கூப்பிட்டுச் சொன்னேன்.

"சரி தம்பி, வெள்ளிக்கிழமை ஆட்களை வரச் சொல்லவில்லை, திங்கள் வைத்துக்கொள்கிறேன்" என்றார்.