மெருகேற்ற வேண்டாம் என்பதை எழுதிக் கொடுத்துவிடுங்கள்

சுத்தம் செய்யக் கொடுத்திருந்த பழைய வண்ணக் கண்ணாடி விளக்கைத் திரும்பப் பெற்றபோது, கண்ணாடித் துண்டுகளை இணைக்கும் பற்றாசுக் கோடுகள் (ஈயம் கலந்த பற்றவைப்பு உலோகம்) புதுப் பாத்திரம் போலப் பளபளத்தன. உருவாக்கியவர்களே இரசாயனம் பூசி வரவழைத்திருந்த கரும்பழுப்புப் படலத்தை அழுக்கென்று எண்ணி, அமோனியா கலந்த துடைப்புத் திரவத்தாலும் மெருகுப் பசையாலும் பழுதுபார்ப்பவர் சுரண்டியெடுத்திருந்தார். கேட்டதற்கு, "நன்றாகத்தானே வந்திருக்கிறது" என்றார். அந்த நிறத்தை மறுபடி ஏற்றலாம். ஆனால் காலம் ஏற்றிய சாயல் திரும்பாது.

விரிசல் கண்ட துண்டைக் கழற்றிப் புதுக் கண்ணாடி பொருத்தவும் அவர் முனைந்தார். மறுத்துவிட்டு, கண்ணாடிப் பொருட்களைப் பாதுகாப்பதில் பயிற்சி பெற்ற வல்லுநர் ஒருவரிடம் விளக்கை ஒப்படைத்தேன். அவர் முதலில் செய்தது சோதனைதான்: குடையின் உட்புறத்தில் கண்ணுக்குப் படாத ஓரிடத்தை ஈரப் பஞ்சுக் குச்சியால் ஒற்றி, நிறம் ஒட்டி வருகிறதா என்று பார்த்தார். சூளையில் சுடாத வண்ணம் பூசிய விளக்குகளும் உண்டு. அவற்றில் தண்ணீர் பட்டாலே வண்ணம் உரிந்துவிடக்கூடும். இதில் வண்ணம் வரவில்லை, புகைக்கறைதான் வந்தது. அதன் பிறகே, காய்ச்சி வடித்த நீரில் காரமில்லாத சோப்புத் திரவம் ஓரிரு துளி கலந்து, பிழிந்த பஞ்சால் துண்டு துண்டாகத் துடைத்து உடனுக்குடன் உலர்த்தினார். விளக்கை நீரில் அமிழ்த்தினால், கண்ணாடித் துண்டுகளின் ஓரங்களில் சுற்றியிருக்கும் செம்பு நாடாவுக்கு அடியில் ஈரம் புகுந்து தங்கிவிடும். விரிசலை, கண்ணாடியின் ஒளிவிலகல் எண்ணுக்கு (ஒளியை வளைக்கும் அளவுக்கு) நெருங்கிய எப்பாக்சிப் பசையை ஊறவிட்டு அடைத்தார். அது முழுதாக இறுக ஏறக்குறைய ஒரு வாரம் பிடிக்கும்.

யாரிடம் கொடுத்தாலும், எந்தத் திரவத்தைப் பயன்படுத்துவார் என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். விளக்கை எரியவிட்டும் அணைத்தும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், வாக்குவாதம் வந்தால் அவைதான் பேசும். ஈயப் பகுதியில் வெண்பொடி தென்பட்டால் உலர்ந்த துணியால் தட்டவே கூடாது; அது நச்சுள்ள ஈயச் சேர்மம், கையுறை அவசியம். குண்டு பல்பின் வெப்பம் மேலே எழுந்து உச்சி வளையத்தை ஒட்டிய இணைப்புகளை வருத்தும் என்பதால் எல்.இ.டி. பல்பே நல்லது. ஓக் மர அலமாரியில் மூடி வைப்பதையும் தவிருங்கள். அம்மரம் வெளியிடும் அசிட்டிக் அமில ஆவியே ஈயத்தை அரித்துவிடும்.